காற்றுக்கு முன் மூடும் கண்

அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். கை கால் அசைவுகளை அளவாக்குகிற சிறுமூளையை ஆராய்கிற டாக்டர் நசீமா, வயது நாற்பத்திரண்டு. அவரிடம் ஆய்வுப் படிப்புப் படிக்கிற ஆவுடைநாயகி, இருபத்தேழு. எலி மூளையைத் துண்டு போட்டுத் தருகிற சேர்மக்கனி, ஐம்பத்திரண்டு. காவல்காரர் வெளியே வேப்பமரத்தடியில் தூங்கினார், அவரைச் சேர்க்கவில்லை. எலிகள் காலையில் முப்பத்தொன்று. பத்தரை மணிக்கு முப்பது.

சேர்மக்கனி கேட்டார்:

"டாக்டரம்மா, ஏன் மேசையைத் தட்டலை?"

நசீமா திரும்பவில்லை. கலங்கிப்போன கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த திரவம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"எதுக்குத் தட்டணும்?"

"தப்பு பண்ணிட்டேனே."

"ஆமா. பண்ணிட்டீங்க."

"அப்போ தட்டணும்லா?"

நசீமா குடுவையைக் கீழே வைத்தார். பேனா அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நசீமா யாரையும் திட்டமாட்டார். மெச்சவும் மாட்டார். வேலையில் தப்பு நடந்தால் பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான். தட்டு விழுந்தவுடன் கையை அப்படியே நிறுத்த வேண்டும். கை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பு எது என்று அவர் சொல்லமாட்டார். சரியாக நடந்தால் மேசையிலிருந்து சத்தமே வராது.

சேர்மக்கனி அந்தத் தட்டுகளை எண்ணி வந்தார். இங்கே வருவதற்கு முன் அவர் தையல்கடையில் துணி வெட்டினவர். அளவைக் குறித்துக்கொள்ளாமல் கத்தரியைத் தொடாத ஆள்.

முதல் வருஷம் நூற்று நாற்பத்து மூன்று தட்டு. இரண்டாம் வருஷம் எண்பத்தெட்டு. அதற்குப் பிறகு அறுபத்தொன்று, நாற்பது, இருபத்தேழு, பத்தொன்பது, பன்னிரண்டு. எட்டாம் வருஷம் எட்டே எட்டு.

அந்த எட்டு அவருக்குப் பெரிய பெருமை. யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாம் வருஷம் இதுவரை பதினான்கு. அதில் பதினொன்று கடைசி இரண்டு மாதத்தில்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. இன்றைக்கு நானூற்றுப் பதின்மூன்றாவது விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை.

நடந்த தப்பு சின்னது இல்லை. வெட்டி எடுத்த மூளைத் துண்டு உயிரோடு இருக்க ஒரு திரவம் வேண்டும். உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டு, அரை மணி நேரம் காற்றுக் குமிழ் விட்டு, எல்லாம் சமநிலைக்கு வந்த பிறகு கடைசியாகத்தான் கால்சியம் சேர்க்க வேண்டும். குமிழ் விடுவதற்கு முன்னால் சேர்த்துவிட்டால் கால்சியம் திரிந்து வெள்ளைத் தூளாய் இறங்கிவிடும். முதல் வாரத்தில் இங்கே எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்பு. இரண்டாம் தடவை யாரும் செய்வதில்லை.

சேர்மக்கனி ஒன்பதாம் வருஷத்தில் செய்தார். துண்டுகளை உள்ளே போட்ட பிறகுதான் கலங்கியது கண்ணில் பட்டது. ஒரு எலியின் உயிர் வீண்.

"ஏன் முந்திப் போட்டீங்க அண்ணாச்சி?" என்றார் நசீமா.

அவர் தரையைப் பார்த்தார்.

மூலையில் ஏதோ கழுவிக்கொண்டிருந்த ஆவுடை சொன்னாள்: "அண்ணாச்சிக்கு மதியம் வாவல் மீன் குழம்பாம் மேடம். நினைப்பு பூரா அங்கே."

"நீ கழுவு பிள்ளே," என்றார் சேர்மக்கனி.

பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கால்சியம் பாட்டிலை எடுக்கப் போனா கை தாண்டிப் போகுது டாக்டரம்மா. ரெண்டு மாசமா. இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எடுக்கேன். காலையில எந்திரிச்சதுல இருந்து அந்தப் பாட்டில் நினைப்புதான். பயப்படுற வேலையை முதல்லயே முடிச்சிட்டா அப்புறம் நிம்மதியா இருக்கலாம்னு பட்டுது. முடிச்சிட்டேன்."

"எவ்வளவு தாண்டுது?"

"காலையில ஒரு விரற்கடை. சாயங்காலம் ரெண்டு."

ஆவுடை குழாயை மூடினாள்.

சேர்மக்கனியின் அண்ணன் பொன்னுலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு டிக்கெட் கிழிக்கிற கை தாண்டிப் போக ஆரம்பித்தது. பிறகு நடை அகன்றது. பிறகு பேச்சு இழுத்தது. வாழ்நாளில் கள்ளைக்கூட வாயில் வைக்காத மனுஷனை, காலையிலேயே போட்டுவிட்டு வருகிறான் என்று பயணிகள் எழுதிக்கொடுத்தார்கள். கடைசி மூன்று வருஷம் படுக்கை. தண்ணீர் விழுங்கப் பதினோரு முயற்சி ஆகும். சேர்மக்கனி எண்ணியிருக்கிறார். அவர்களுடைய அம்மாவும் அப்படித்தான் போனாள்.

அண்ணனிடம் ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த டாக்டர்தான் நசீமா. அப்போது சேர்மக்கனி வாசலில் நின்று கேட்டார்: "எங்கண்ணனைத் தின்னுறது எதுன்னு நான் கண்ணால பாக்கணும்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டு."

"கை நடுங்காம எவ்வளவு மெல்லிசா வெட்டுவீங்க?"

"பட்டுத்துணியில ஒரு நூலைத் தனியா உருவி அதை நெட்டுக்கு ரெண்டா வெட்டுவேன்."

"திங்கட்கிழமை வாங்க."

அப்படி வந்தவர். அண்ணன் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. இவர் இங்கேயே தங்கிவிட்டார். தென்காசிச் சாலையில் பழைய பருத்திக் கிடங்கு ஒன்றை ஆய்வுக்கூடமாக்கிய இடம் அது. வெயில் காலத்தில் சுவரிலிருந்து இன்னும் பஞ்சு வாடை வரும். இவர் வெட்டுகிற துண்டு ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு கனம். எந்த ஊர்க்காரர் வந்து பார்த்தாலும், இதை வெட்டினது யார் என்று கேட்காமல் போனதில்லை.

அவர் கேட்டார்:

"எனக்கும் அதுதானா டாக்டரம்மா?"

"ரத்தம் பார்க்க ரெண்டு தடவை சீட்டு எழுதிக் கொடுத்தேன்."

"ரெண்டு தடவையும் வாசல் வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"காகிதம் சொல்லிக் கேட்க மனசு வரலை. ஒன்பது வருஷம் உங்க தட்டுக்கு நின்னவன் நான். நீங்க சொல்லுங்க."

"என்னால சொல்ல முடியாது."

"தெரியாதா? சொல்லமாட்டீங்களா?"

நசீமா நுண்ணோக்கியின் திரையைப் போட்டார். கலங்கிய திரவத்தில் செத்துப்போன துண்டு திரையில் வந்தது. சிறுமூளையின் பெரிய செல்கள் ஒரே வரிசையில் ஊதிக் கிடந்தன, மழையில் நனைந்த பொரி மாதிரி.

ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இதுகிட்ட எத்தனை பேர் பேசுறாங்க?"

"சின்ன இழைங்களா? ஒரு லட்சத்துக்கும் ரெண்டு லட்சத்துக்கும் நடுவுல. சரியான கணக்கு நீங்க சொன்னதில்லை."

"வாத்தியார் எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. கொடி மாதிரி ஏறிச் சுத்திக்கிட்டு இருக்கிற இழை. குட்டியா இருக்கும்போது நாலஞ்சு இருக்கும். ஒண்ணு நின்னு, மத்தது போயிரும்."

"அது என்ன சொல்லும்?"

"தப்புன்னு சொல்லும். வேற பேச்சு அதுக்குத் தெரியாது."

"சொன்னா?"

"செல்லுக்குள்ள சுண்ணாம்பு பாயும்." கால்சியத்தை அவர் எப்போதும் சுண்ணாம்பு என்றுதான் சொல்வார். நசீமா திருத்தியதில்லை.

"பாஞ்சா?"

"அந்த நேரத்துல எந்தச் சின்ன இழை பேசிக்கிட்டு இருந்துதோ அதோட குரல் கொறைஞ்சிரும். அடுத்த தடவை அது கத்தினாலும் செல்லுக்குச் சன்னமாத்தான் கேக்கும்."

"அதுக்குப் பேரு?"

"கத்துக்கிறது."

"சுண்ணாம்பு வந்த வேகத்துல வெளியே போகலைன்னா?"

சேர்மக்கனி கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக் காட்டினார்.

"வெத்தலையில நுனிவிரலால தடவினா வாய் சிவக்கும். வழிச்சு வச்சா வெந்துரும்."

"வெந்த பிறகு வாத்தியார் வந்து தப்புன்னு சொன்னா?"

"சொல்லட்டும். கேக்க யாரு இருக்கா."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது.

"அதனாலதான் தட்டலையா?"

"இல்லை."

"பின்னே?"

"நான் பேனாவை எடுக்கிறதுக்கு முந்தியே உங்க முகத்துல தப்பு தெரிஞ்சிருந்துது. தெரிஞ்சவருக்கு எதுக்குத் தட்டு?"

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லை."

"இல்லைதான்."

சேர்மக்கனிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறையில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நானூற்றுப் பன்னிரண்டு தட்டு வாங்கியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா வெட்டியிருக்கீங்கன்னு சொல்லியிருப்பீங்களா?"

"நல்லா வெட்டுனப்போ மேசை சும்மா இருந்துதுலா? அது கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்கலை டாக்டரம்மா. சும்மா இருக்கிறது எப்படிக் கேக்கும்?"

நசீமா நுண்ணோக்கியின் திரையை அணைத்தார். பிறகு ஆவுடையின் பக்கம் திரும்பி, "அந்த நாற்காலியைக் கொண்டா," என்றார்.

அது எலிகளுக்குச் செய்கிற சோதனையை மனிதர்களுக்காக மாற்றிய நாற்காலி. தலை அசையாமல் நாடியைத் தாங்க ஒரு கட்டை. வலது கண்ணுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய். எதிரே ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் முதலில் 'கிண்' என்று ஒரு மணி ஒலிக்கும். அரை நொடி கழித்துக் குழாயிலிருந்து கண்ணுக்குள் ஒரு காற்று வரும். பெரிய காற்று இல்லை. பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியைத் தாய் ஊதுகிற அளவு. காற்று பட்டதும் கண் மூடும். அதற்குப் படிப்பு வேண்டாம்.

ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால், காற்று வருவதற்கு முன்பே, மணி கேட்ட உடனே, கண் தானாக மூட ஆரம்பிக்கும். சிறுமூளை நன்றாக இருந்தால்.

"இது நோய்க்குப் பேர் சொல்லாது அண்ணாச்சி," என்றார் நசீமா. "ரத்தம் பார்க்கிறது பார்க்கிறதுதான். இது ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும். உள்ளே கத்துக்கிற வேலை நடக்குதா இல்லையான்னு."

"எத்தனை தடவை?"

"நூறு."

"சரி."

"முதல்ல நான் உட்காருறேன்."

அது அந்த இடத்தின் சட்டம். தன் உடம்பில் செய்து பார்க்காததை இன்னொருவர் உடம்பில் செய்யக்கூடாது.

நசீமா உட்கார்ந்தார். ஆவுடை பெட்டியை ஓட்டினாள். சேர்மக்கனி பக்கத்தில் நின்று காகிதத்தில் குறித்தார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் வேண்டிய இடத்தைத் தாண்டி நீண்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி குறித்துக்கொண்டே போனார்.

இருபத்து மூன்றாவது மணியோசைக்கு நசீமாவின் கண் காற்றை முந்தியது. நூறில் அறுபத்தொன்று முந்தியது.

அடுத்தது ஆவுடை. அவளுக்குப் பதினேழிலேயே வந்துவிட்டது. நூறில் அறுபத்தெட்டு.

"மேடத்தை நான் ஏழுல ஜெயிச்சிட்டேன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணாச்சி, இதையும் அந்தக் காகிதத்துல எழுதிக்கோங்க."

"எழுதியாச்சு."

"பெரிய எழுத்துல எழுதுங்க."

சேர்மக்கனி நாற்காலியில் உட்கார்ந்தார். நாடியைக் கட்டையில் வைத்தார். ஆவுடை குழாயைச் சரிசெய்தாள்.

"ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருங்க," என்றார் நசீமா.

"வேண்டாம். ரெண்டு பேரும் எதிரே உட்காருங்க. உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"எதுக்கு?"

"பொய் சொல்ல உங்களுக்கு வராது."

இருவரும் முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்கள், பெட்டியும் காகிதமும் ஆவுடையின் மடியில்.

கிண்.

எதிரே இருந்த இரண்டு பெண்களின் கண்களும் மூடின. பிறகு காற்று வந்தது. அது சேர்மக்கனியின் கண்ணில் பட்டது. அவர் கண் அதற்கப்புறம் மூடியது.

ஆவுடை சிரித்துவிட்டாள். "எனக்குக் காத்தே வரலை மேடம்! கண்ணு பாட்டுக்கு மூடுது!"

நசீமாவுக்கும் சிரிப்பு வந்தது. சேர்மக்கனியும் சிரித்தார்.

"ரெண்டு பேரும் எனக்காகப் படிச்சு வச்சிருக்கீங்க," என்றார்.

கிண். எதிரே இரண்டு ஜோடிக் கண்கள் மூடின. காற்று வந்தது. அவர் கண் மூடியது.

கிண்.

பத்து வரைக்கும் ஆவுடை சிரித்தாள். பதினேழு வந்தபோது எல்லோரும் அவர் கண்ணைப் பார்த்தார்கள். காற்றுக்குப் பிறகுதான் மூடியது. இருபத்து மூன்றுக்கும் அப்படித்தான்.

"வயசானா மெதுவாத்தான் வரும்," என்றார் நசீமா.

"எவ்வளவு மெதுவா?"

"நாற்பது ஆகலாம். ஐம்பதுகூட ஆகலாம்."

"சரி."

கிண்.

முப்பதுக்கு மேல் ஆவுடையின் கண் சில மணிக்கு மூடவில்லை. முப்பத்து நான்குக்குப் பிறகு மூடவே இல்லை. அவள் கண்கள் அகலத் திறந்தபடி, மணி கேட்டும் அசையாமல், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியாது. சேர்மக்கனிக்குத் தெரிந்தது. மனதில் குறித்துக்கொண்டார்.

நசீமாவின் கண் மட்டும் ஒவ்வொரு மணிக்கும் அவருக்கு முன்னால் மூடியது.

முப்பத்தெட்டாவது மணிக்குச் சேர்மக்கனியின் கண்ணும் காற்றுக்கு முன் மூடியது.

"வந்துட்டு!" என்று ஆவுடை எழுந்தே விட்டாள். "மேடம், வந்துட்டு! பார்த்தீங்களா?"

நசீமா இரண்டு கைகளையும் முட்டியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"உட்காரு பிள்ளே," என்றார் சேர்மக்கனி. "அதை எண்ணாதீங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"நானா மூடினது."

ஆவுடை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மணி கேட்டதும் நெனைச்சு மூடினேன். தானா வரலை. அதைத் தள்ளிட்டு, கடைசியில ஒண்ணு சேர்த்துக்கோங்க. நூற்றியொண்ணு."

"அது பரவாயில்லை அண்ணாச்சி."

"பரவாயில்லைன்னா நூறு எதுக்கு? நூற்றியொண்ணு. எழுது பிள்ளே."

ஆவுடை எழுதினாள். அவள் எழுத்து கோணலாய் விழுந்தது.

கிண்.

நாற்பது ஆனது. நாற்பத்தைந்து ஆனது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து மீசையில் இறங்கியது. ஆவுடை பஞ்சை எடுத்து வந்து துடைத்தாள். அது காற்றுக்கு வடிகிற தண்ணீர்தான் என்று அவர் சொன்னார். யாரும் வேறு மாதிரிச் சொல்லவில்லை.

ஐம்பது ஆனது.

"அறுபதுல வர்றவங்களும் உண்டு," என்றாள் ஆவுடை.

"உண்டா டாக்டரம்மா?"

நசீமா தலையை அசைக்கவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

கிண்.

சேர்மக்கனி நசீமாவின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண் கலங்கியிருந்ததால் இடது கண்ணால் பார்த்தார். மணி கேட்கும், அந்த இமைகள் இறங்கும், அதற்குப் பிறகு தனக்கு அடி விழும். அந்த வரிசை அவருக்குப் பழகிவிட்டது. அந்த இமைகள் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அடி கொஞ்சம் பங்கு பிரிந்த மாதிரி இருந்தது. ஒன்பது வருஷமாக மேசைப் பக்கம் காதை வைத்துக் கேட்டும் கேட்காத ஏதோ ஒன்று, அங்கே கேட்ட மாதிரி இருந்தது.

ஐம்பத்து மூன்றுக்கு நசீமாவின் இமை பாதிதான் இறங்கியது.

ஐம்பத்து நான்குக்கு இறங்கவில்லை. ஐந்துக்கு இறங்கியது. ஆறுக்கு இல்லை. ஏழுக்கு லேசாக ஒரு துடிப்பு.

ஐம்பத்தெட்டு. இல்லை.

ஐம்பத்தொன்பது. இல்லை.

அறுபது. மணி ஒலித்தது. நசீமாவின் கண்கள் அகலத் திறந்து, கருவிழி அசையாமல், சேர்மக்கனியின் கண்ணில் காற்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நின்னுட்டு," என்றார் சேர்மக்கனி.

"என்னது?"

"உங்க கண்ணு. அம்பத்தேழோட நின்னுட்டு. ஆவுடைக்கு முப்பத்து நாலுலயே நின்னுட்டு."

நசீமாவின் கை தன் கண்ணுக்குப் போனது. இமையைத் தொட்டுப் பார்த்தார், அது வேறு யாருடையதோ மாதிரி. இந்தச் சோதனையை எலிகளிலும் மனிதர்களிலும் இருபது வருஷமாகச் செய்கிறவர். காற்று தொடர்ந்து வராமல் போனால், படித்த கண் படித்ததைக் குறைத்துக்கொள்ளும் என்று அவரே எழுதியிருக்கிறார். வரைபடம்கூடப் போட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி," என்றார்.

"தப்பு இல்லை டாக்டரம்மா. காத்து தனக்கு இல்லைன்னு அது கண்டுக்கிட்டு. நல்ல கண்ணு."

"நான் வேணும்னு செய்யலை."

"வேணும்னு செஞ்சா அது கணக்குல வராதே."

ஆவுடை அழுதாள். சத்தம் வராமல் இருக்க மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போதும்," என்றார் நசீமா. "நிறுத்திருவோம். தெரிய வேண்டியது தெரிஞ்சாச்சு."

"எனக்கு எப்பவோ தெரிஞ்சாச்சு. அதுக்காக உட்காரலை."

"பின்னே எதுக்கு?"

"எங்கண்ணனைத் தின்னதைக் கண்ணால பாக்க வந்தவன் நான், பாதியில எந்திரிக்க மாட்டேன்," என்றபடி அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். துண்டு போடுகிற பிளேடுகள் அதில்தான் இருக்கும். வேறு யாரையும் தொடவிடமாட்டார். எதிரே இருந்த ஆவுடையிடம் நீட்டினார். கை அவள் கையைத் தாண்டிப் போய் அவள் தோளில் இடித்தது. அவள் டப்பாவை எட்டி வாங்கிக்கொண்டாள்.

"நாளையில இருந்து நீ வெட்டு. பிளேடைத் தொடைக்கும்போது பஞ்சை வச்சுத் தொடைக்காதே. நார் ஒட்டும்."

"சரி அண்ணாச்சி."

"முதல் மாசம் நாப்பது எலியாவது வீணாகும். எனக்கு நாப்பத்தி ரெண்டு ஆச்சு. பயப்படாதே. எண்ணி வை."

"சரி."

"இப்ப எத்தனை முடிஞ்சுது?"

ஆவுடை காகிதத்தைப் பார்த்தாள். கண் மறைத்தது. மறுபடி பார்த்தாள்.

"அறுபது."

"முந்தினது?"

"ஒண்ணும் இல்லை அண்ணாச்சி."

"அதையும் எழுது. இடத்தைச் சும்மா விடாதே. பூஜ்யம்னு எழுது."

எழுதினாள்.

அவர் நாடியை மறுபடி கட்டையின்மேல் வைத்தார். வைக்கும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்தது, நேராக்கிக்கொண்டார். வலது கண் சிவந்து இரத்தம் கட்டியது போல் இருந்தது. அதை முடிந்த மட்டும் அகலத் திறந்தார். எதிரே இருந்த இரண்டு பேரையும் பார்த்தார்.

நசீமா எழுந்து போகப் பார்த்தார்.

"உட்காருங்க டாக்டரம்மா."

நசீமா உட்கார்ந்தார்.

"ஓட்டு பிள்ளே. இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு."